இரண்டு கட்டம் தள்ளி

அக்டோபர் 14

எழும்பூரில் இறங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. மதிவாணன் பெட்டி வாசலுக்கே வந்துவிட்டான். என் பைகளைப் பார்த்து, "என்னம்மா, அருப்புக்கோட்டையில இனிமே யாரும் சாப்பிடறதா இல்லையா?" என்றான். சேவு இரண்டு கிலோ, சாம்பார்ப்பொடி, மல்லிப்பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். இவ்வளவுதான். மகன்களுக்கு அம்மாவின் சுமை எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். மருமகள் கோமதிக்கு இது பரீட்சைக் காலம். ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. எங்கே எவ்வளவு மழை பெய்யும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போடுகிறதல்லவா, அந்தக் கணக்கைச் சீர்செய்வது அவள் பொறுப்பு. இந்த வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. டிசம்பரில் ஒரு குழு உட்கார்ந்து மதிப்பெண் போடும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தத்தோடு சரி. காலையில் போகிறவள் இருட்டித்தான் வருகிறாள். யார் சமைப்பது என்ற கேள்விக்கு நானே விடையும் எழுதி ரயிலேறிவிட்டேன். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியைக்கு வேறென்ன வேலை?

காரில் வரும்போது, "உனக்கும் சாப்பாடு கட்டிடறேன்டா. எத்தனை மணிக்கு ஆபீஸ்?" என்று கேட்டேன். மதி சாலையைப் பார்த்துக்கொண்டே, "இப்பல்லாம் வீட்ல இருந்தே..." என்று ஆரம்பித்தான். பிறகு, "இல்லம்மா, போகணும். எட்டரைக்குக் கிளம்பிடுவேன்" என்றான். பாவம், தூக்கக் கலக்கம்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி. காரை நிலத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வெயில் படாது, குளுகுளுவென்று இருக்கிறது. மற்றபடி எல்லாம் நலம்.

அக்டோபர் 17

கோமதி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டே அவரைக்காய்க்கு நார் உரித்தாள். பிடிவாதக்காரி. உட்கார் என்றால் உட்கார மாட்டாள். நானும் எதிரே உட்கார்ந்து அவள் வேலை என்னவென்று கேட்டேன்.

வரைபடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டம் மூன்று கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள கட்டங்களைப் பார்த்து, அடுத்த நிமிடம் தன்னிடம் எவ்வளவு காற்று, எவ்வளவு ஈரம் இருக்கும் என்று கணக்குப் போடுகிறது.

"பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதற மாதிரி" என்றேன்.

"அதேதான் அத்தை. எல்லாரும் எல்லாரையும் பாத்து எழுதறாங்க. ஒருத்தி தசமத்துல கொஞ்சம் தப்பு விட்டா, அடுத்தவ அதைச் சரிக்கட்ட அந்தப் பக்கம் தப்பு விடுவா. கொஞ்ச நேரத்துல வகுப்பு முழுக்க ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு சதுரங்கப் பலகையா ஆயிடும். வானத்துல அப்படி எதுவும் இருக்காது. கணக்கு தானே உண்டாக்கின சேட்டை. அதைத்தான் இரைச்சல்னு சொல்றோம்."

"சத்தமே இல்லையே, அப்புறம் என்ன இரைச்சல்?"

"நாம கேட்காம வர்ற எல்லாமே இரைச்சல்தான் அத்தை" என்றவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வகையும் உண்டாம். கணக்கைத் தொடங்கிய முதல் சில மணி நேரம் எல்லாம் அலம்பும். நிறைந்த குடத்தை இடுப்பிலிருந்து தரையில் இறக்கினால் தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடுகிறதே, அப்படி. அது கிணற்றின் குணமில்லை, இறக்கி வைத்தவளின் குணம். இந்த உதாரணம் என்னுடையது. கோமதி எழுதி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 19

மதி இன்று ஞாயிறு என்பதை மறந்து எட்டரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தோம். கோமதி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

அக்டோபர் 23

கோமதியின் மேலதிகாரி தனசேகர் அவள் படங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தமிழ்நாட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றாராம். நானும் பார்த்தேன். உண்மையாகவே அம்மைதான். ஜவ்வாது மலையைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கடற்கரையோரம் ஒன்று, எந்தக் காரணமும் இல்லாமல் வயல்வெளி நடுவில் ஒன்று.

"இதுல எது மழை, எது சேட்டை?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா டிசம்பர்ல எனக்கு மாலை போட்டிருவாங்க அத்தை."

கட்டங்களைப் பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் புள்ளிகள் கரைந்துவிடும். அதற்கு வடிகட்டி என்று பெயர். எவ்வளவு அழுத்தமாக வடிகட்டுவது என்பதுதான் கேள்வி. தனசேகருக்கு நன்றாக அழுத்தவேண்டும். கோமதிக்குத் தயக்கம். பாத்திரம் துடைத்துக்கொண்டே, "நிரந்தரம் ஆயிடணும் அத்தை. இப்ப கண்டிப்பா ஆயிடணும்" என்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இருக்கும் லட்சியம் எங்களுக்கு இருந்ததில்லை. பெருமையாக இருந்தது.

மற்றபடி எல்லாம் நலம்.

அக்டோபர் 27

மத்தியானத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை முழுக்க அடைமழை என்று டிவியில் காட்டினார்கள். பைக்குகளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மதியின் ஆபீஸ் அந்தச் சாலையில்தான். எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அங்கேதான் வேலை. அவள் புடவை முழங்கால்வரை நனைந்து, வீடு சேர இரவாகிவிட்டது. மதி வழக்கமான நேரத்துக்கு வந்தான். ஷூவில் ஒரு பொட்டுச் சேறில்லை. எங்கள் பக்கம் மழையே இல்லை.

"எப்படிடா?"

"யாருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கும்மா."

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வழி நன்றாகத் தெரியும்.

நவம்பர் 2

இன்று நான் கோமதிக்கு ஒரு யோசனை சொன்னேன். ஆய்வகத்தில் ஊசல் ஆடும் நேரத்தை ஐந்து முறை எடுக்கச் சொல்வோம். நான்கு ஒன்றையொன்று ஒட்டியிருக்கும். ஒன்று மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டு நிற்கும். அந்தத் துள்ளலை அடித்துவிட்டு மற்ற நான்குக்கும் சராசரி எடு என்பேன். எங்கள் பிள்ளைகள் செய்முறையில் முழு மதிப்பெண் வாங்கியது இப்படித்தான்.

"அந்தத் துள்ளல் ஏன் வந்துச்சுன்னு யாராவது கேட்டிருக்காங்களா அத்தை?"

"கேட்டா பாடம் முடியாதும்மா."

அவள் சிரித்தாள். பிறகு அவளுடைய கஷ்டத்தைச் சொன்னாள். எனக்குப் புரிய வரைபட வினாவாக மாற்றிக்கொண்டேன். ஒரு பிள்ளை தஞ்சாவூரைத் தைரியமாகக் குறிக்கிறாள், ஆனால் இரண்டு கட்டம் தள்ளி. இல்லாத இடத்தில் குறித்ததற்கு ஒரு மதிப்பெண் போகும். இருக்கும் இடத்தில் குறிக்காததற்கு இன்னொன்றும் போகும். அடுத்த பிள்ளை எதையும் குறிக்காமல், சோழநாடு முழுவதும் பென்சிலால் லேசாகத் தீட்டி வைக்கிறாள். அவளுக்குப் பாதி மதிப்பெண் நிச்சயம். மழைக் கணக்குக்கும் இப்படித்தான் மதிப்பெண் போடுகிறார்களாம். ஓரிடத்தில் கொட்டும் என்று சொல்லிக் கொஞ்சம் இடம் தவறினால் இரட்டை அடி. எல்லா இடத்திலும் தூறும் என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம்.

"அப்ப நீ லேசா தீட்டேன்" என்றேன். "தேர்ச்சி பெறணும்ல? முதல்ல தேர்ச்சி, அப்புறம் தஞ்சாவூர்."

மதி சோபாவிலிருந்து, "டீச்சரே பிட் குடுக்கறாங்கடோய்" என்றான்.

நவம்பர் 5

கீரைக்காரரின் வண்டி சத்தம் கேட்டுப் பதினொரு மணிவாக்கில் கீழே போனேன். வாட்ச்மேன் ஏழுமலை எழுந்து நின்று, "சாரைக் கூப்பிடட்டுமா டீச்சர், பையைத் தூக்க? கீழதான் இருக்காரு" என்றார்.

"எந்த சார்?"

"நம்ம சாருதான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு கேட்டைப் பார்த்தார். "இல்ல டீச்சர், வேற யாரோ. நான்தான் தப்பா பாத்துட்டேன்."

வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். ஊருக்குப் போய்ச் செய்துகொள்வதாகச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு எட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. முட்டி வலி. கீரை வேறு வாடிவிடும்.

மற்றபடி எல்லாம் நலம்.

நவம்பர் 9

கோமதி வடிகட்டியை அழுத்திவிட்டாள். படம் எவ்வளவு அழகு! வடக்கிலிருந்து தெற்குவரை இளம்பச்சை, நடுவில் கொஞ்சம் அடர்பச்சை. பட்டுப்புடவை மாதிரி. தனசேகர் அதைக் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டினாராம். மதிப்பெண்ணும் ஏறிவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கும் அனுப்பப் போகிறார்கள்.

கேசரி கிண்டினேன். கோமதி ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள்.

"அம்மை இறங்கிடுச்சே, அப்புறம் ஏன் இப்படி இருக்கே?"

"முகமும் சேந்து இறங்கிடுச்சோன்னு இருக்கு அத்தை."

மதி அவள் தோளைத் தட்டி, "பரவால்ல விடு. இப்போதைக்கு இதுதான்" என்றான். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவன் மனைவி பார்த்துக்கொள்வதில் ஆயிரம் இருக்கும். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 13

மதியின் டப்பா பாதி அப்படியே திரும்பி வந்தது. நேற்றும் அப்படித்தான். உப்பு கூடியிருக்கும்.

நவம்பர் 18

சாயங்காலம் கோமதி சீக்கிரமே வந்தாள். திரையில் இரண்டு படங்கள். வலப்பக்கம் வடிகட்டிய பட்டுப்புடவை. இடப்பக்கம் வடிகட்டாத பழைய படம். அதில் நாளைக் காலைக்கு ஒரே ஒரு புள்ளி. சிவப்புகூட இல்லை, கருஞ்சிவப்பு.

"இது எங்கடி?"

"மேடவாக்கம் தாண்டி. நம்ம வீட்லேருந்து ரெண்டு கட்டம் தெக்க. ரெண்டு மணி நேரத்துல இருபது சென்டிமீட்டர்ங்குது."

"இருபதா? சுத்தி எல்லாரும் தூறல்ங்கறாங்க, இது மட்டும் துள்ளுதே."

"மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன் அத்தை. ஒவ்வொரு தடவையும் வேற வேற நேரத்துல ஆரம்பிச்சேன். மத்த புள்ளியெல்லாம் இடம் மாறுது, காணாம போகுது. இது மட்டும் அங்கேயே நிக்குது."

"மூணு தடவையும் அதே தப்பைப் பண்ற பிள்ளைங்களை நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்மா" என்றேன்.

மதி எட்டிப் பார்த்தான். "அப்ப காரை மேம்பாலத்துல ஏத்திடவா?" இந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். பெருமழை என்று தெரிந்தால் எல்லோரும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்கள்.

"அப்புறம் நீ ஆபீசுக்கு எதுல போவ?" என்று கேட்டேன்.

மதி கையிலெடுத்த கார்ச் சாவியை மறுபடி ஆணியில் மாட்டினான். கோமதி எந்தப் படத்தை அனுப்புவது என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று இப்போதும் நினைக்கிறேன். "நல்லா இருக்கறதை அனுப்பும்மா. ஒரு புள்ளிக்காக இவ்வளவு நாள் எடுத்த பேரைக் கெடுத்துக்காதே" என்றேன்.

பட்டுப்புடவையை அனுப்பினாள். நாளை லேசான தூறல். மற்றபடி எல்லாம் நலம்.

நவம்பர் 19

இன்று எழுத முடியவில்லை.

நவம்பர் 20

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று கோமதி ஏழு மணிக்குப் போனாள். மதி எட்டரைக்கு எலுமிச்சை சாதத்தோடு கிளம்பினான். அப்போது தூறல்தான். துணி மெஷினில் போட்டிருந்தேன். ஒன்பதரை இருக்கும், ஜன்னலுக்கு வெளியே எதிர் வீடு காணாமல் போயிற்று. அப்படி ஒரு மழை. கொடியிலிருந்த துண்டை எடுப்பதற்குள் பால்கனியில் கணுக்கால் தண்ணீர். கரண்ட் போய்விட்டது. மெஷினுக்குள் துணி பாதியில் நின்றது.

அப்போது நான் நினைத்ததை நினைத்தபடியே எழுத வேண்டும். 'நல்லவேளை, மதி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்' என்று நினைத்தேன். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மழையில் அப்படித்தான் என்று மெஷினிலிருந்து துணிகளை எடுத்துப் பிழிய ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக, நிதானமாக. அவனுடைய மூன்று சட்டைகள் பிழிந்தேன்.

கீழே ஏதோ கூச்சல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவே ஆறாக இருந்தது. அந்த ஆறு எங்கள் கேட்டில் நுழைந்து, கார்கள் இறங்கும் சரிவில் சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. ஏழுமலை அந்தச் சரிவில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போனதைப் பார்த்தேன். காருக்காக எதற்கு இவர் உயிரைக் கொடுக்கிறார் என்று கோபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். மதி நின்றான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றியில் சிராய்ப்பு. பின்னால் ஏழுமலை மூச்சு வாங்கிக்கொண்டு, "தூங்கிட்டாரு டீச்சர், சீட்டைச் சாய்ச்சுப் போட்டுக்கிட்டு. கண்ணாடியைத் தட்டுறேன், எந்திரிக்கவே இல்ல. அப்புறம் கதவு திறக்க மாட்டேங்குது, தண்ணி அழுத்துது. ஜன்னல் வழியாத்தான் இழுத்தேன்" என்று சொன்னார்.

மதி சாப்பாட்டுப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

"சாப்பாடு நனையலம்மா" என்றான்.

துண்டு எடுத்துத் தலையைத் துவட்டினேன். ஏழுமலைக்கு மதியின் லுங்கியைக் கொடுத்து, கேஸில் டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தார்கள். ஏழுமலை போனதும் அவனாகவே சொன்னான்.

ஆகஸ்டிலேயே வேலை போய்விட்டது. அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். கோமதிக்குத் தெரியும். நான் வருகிறேன் என்று போன் செய்தபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

"ஸ்டேஷன்லயே சொல்லிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். நீ எனக்கும் சாப்பாடு கட்டறேன்னு சொல்லிட்ட."

"எங்கேயாவது நல்ல இடமாப் போயிருக்கலாமேடா. நூலகம், கோவில்..."

"முதல் வாரம் போனேன். தெரிஞ்சவங்க யாராவது வந்துடறாங்க. கீழன்னா சிக்னல் வராது. யாரும் கூப்பிட முடியாது. நிம்மதியா இருந்துச்சு."

அதாவது நான் வருவதற்கு முன்பு அவன் வீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருந்தான். நான் உதவிக்கு வந்தபிறகு பூமிக்கு அடியில் உட்கார்ந்தான்.

மற்றபடி

நவம்பர் 21

கோமதி நேற்று மத்தியானம்தான் படகிலும் நடந்துமாக வந்து சேர்ந்தாள். மதியின் நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள். "பேஸ்மென்ட்லயா? லைப்ரரின்னு சொன்னியே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கும் கொஞ்சம் வடிகட்டித்தான் கொடுத்திருக்கிறான்.

பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரிஞ்சா கவலைப்படுவீங்கன்னுதான் அத்தை. வேலை நிரந்தரமானதும் சேத்துச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றாள். இந்த வீட்டில் சண்டை வராமல், மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது நான் என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அவர்கள் இருவரும் சேர்ந்து எனக்கு அழகான படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பச்சையாக, பட்டுப்புடவை மாதிரி.

இன்று கரண்ட் வந்ததும் கோமதி முதல் வேலையாக மழை அளவை வாங்கிப் பார்த்தாள். புள்ளி சொன்ன மழைதான், சொன்ன நேரம்தான். இடம் மட்டும் மேடவாக்கம் இல்லை, வேளச்சேரி. இரண்டு கட்டம் தள்ளி.

பிறகு மதிப்பெண் கணக்கை ஓட்டினாள். ஓடி முடிந்ததும் சத்தமில்லாமல் சிரித்தாள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். நேற்று முன்தினத்துக்கும் பட்டுப்புடவைக்குத்தான் அதிக மதிப்பெண். புள்ளிப் படத்துக்கு மேடவாக்கத்தில் ஒரு அடி, வேளச்சேரியில் ஒரு அடி. லேசான தூறல் என்று சொல்லிவிட்டு எங்களை மூழ்கடித்த படம் முதல் வகுப்பில் தேறியிருந்தது.

நவம்பர் 24

ஏழுமலைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தோம். "கண்ணு நல்லாத்தான் தெரியுது டீச்சர்" என்றார்.

கோமதி வேறொரு வடிகட்டி எழுதுகிறாள். இது எல்லாவற்றையும் தேய்க்காது. ஒவ்வொரு புள்ளியையும் அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் பார்க்கும். கட்டத்துக்குக் கட்டம் மேலும் கீழுமாகத் துடித்து, மறுபடி பார்த்தால் காணாமல் போவதை மட்டும் துடைக்கும். திரும்பத் திரும்ப அங்கேயே நிற்பதை விட்டுவிடும். ஒரு தடவை துள்ளினால் அளவீட்டுப் பிழை. தினமும் துள்ளினால் அதற்குப் பெயர் வேறு. ஊசல் பாடத்தில் இதைச் சேர்த்திருக்கலாம்.

ஜவ்வாது மலையில் அம்மை பாதி இறங்கிவிட்டது. ஆனால் மதிப்பெண் பட்டுப்புடவையை எட்டவில்லை.

குழுவிடம் எதைக் கொடுப்பது? வீட்டில் இப்போது ஒரே சம்பளம். பட்டுப்புடவையைக் கொடுத்தால் வேலை நிரந்தரம், ஏறக்குறைய நிச்சயம். எனக்குள் என்ன இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதையே கொடுத்துவிடட்டும் என்றுதான் இருந்தது. மூழ்கிய பிறகும் அப்படித்தான் இருந்தது. வாயைத் திறக்காமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"புள்ளியைக் குடு" என்றான் மதி.

"வேலை போச்சுன்னா?"

"ரெண்டு பேரும் கார்ல உக்காந்துக்கலாம். பின் சீட்ல அம்மா."

கோமதி அவன்மேல் பூண்டுத் தோலை அள்ளி எறிந்தாள். பல நாளுக்குப் பிறகு இந்த வீட்டில் சத்தம் கேட்டது.

டிசம்பர் 4

கோமதி புள்ளியைத்தான் கொடுத்தாள். வேளச்சேரிக் கதையையும் சொன்னாளாம், மதியை மட்டும் விட்டுவிட்டு. குழுவில் ஒரு பெரியவர், "ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா மதிப்பெண் குறையுதேம்மா?" என்றாராம். தஞ்சாவூர் உதாரணத்தைச் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்களாம். சிரித்து முடித்துவிட்டு மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள்.

முடிவு இதுதான். வேலை நிரந்தரம் இல்லை. ஒப்பந்தம் அடுத்த மழைக்காலம்வரை நீட்டிப்பு. அதுவரை இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பத்திரிகைகளுக்குப் போவது பட்டுப்புடவை.

"வேலை போகலையே, அதுவரைக்கும் சரி" என்றாள் கோமதி. அழுதாள். பிறகு பசிக்கிறது என்றாள். மதி தோசை ஊற்றினான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் ஊற்றிய தோசை வட்டமாக வரவில்லை. வரவில்லை என்றும் சொன்னேன்.

டிசம்பர் 9

நேற்று சாயங்காலம் கோமதியின் படத்தில் மறுபடியும் ஒரு புள்ளி. இந்த முறை சரியாக எங்கள் கட்டத்தின் மேலேயே. மூன்று தடவை ஓட்டினாள். நின்றது. குடியிருப்பு வாட்ஸப் குழுவில், 'சோதனைக் கணக்கு, தப்பாகவும் இருக்கலாம்' என்று தொடங்கி, நாளைக்குப் பெருமழை என்று எழுதிப் போட்டாள். முதல் வரியை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அரை மணி நேரத்தில் எங்கள் காரைத் தவிர பேஸ்மென்ட் காலி.

எங்கள் கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன வாரம்தான் வந்தது. ஓடுகிறது. உள்ளே நனைந்த சாக்கு வாசனை போகவே இல்லை. காலையில் மதி அதை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்குக் கிளம்பினான். என் கை பழக்கத்தில் டப்பா கட்டியிருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, இரண்டு டப்பாவாகக் கட்டிக்கொண்டு நானும் ஏறிவிட்டேன். "உனக்கு எதுக்கும்மா?" என்றான். முட்டி வலி இன்று இல்லை என்றேன்.

மேம்பாலம் முழுக்க எங்கள் குடியிருப்புக் கார்கள் வரிசையாக நின்றன. வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நேற்று ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்ததைச் சொன்னான். நன்றாகச் செய்யவில்லையாம். எப்படிச் சொதப்பினான் என்று கேள்வி கேள்வியாகச் சொன்னான். நான் ஒரு உதாரணமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு போக்குவரத்துக் காவலர் பைக்கில் வந்து நின்றார். மேலே பார்த்தார். ஒரு மேகம் இல்லை. வரிசையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? மழை எங்க?"

"ரெண்டு கட்டம் தள்ளிப் பெய்யுதோ என்னவோ சார்" என்றேன்.

"எந்தக் கட்டம்?"

மதி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே திரும்பிக்கொண்டான். காவலர் எங்கள் மடியிலிருந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. உப்பு கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது. "உப்பும்மா" என்றான். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டான். என் டப்பாவிலிருந்தும் எடுத்துக்கொண்டான். நான்கு மணிவரை இருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை.